வெட்கம்

பாலைவனத்தில் ஆதிக்குடி மக்கள் வாழும் சிற்றூரின் மருத்துவ நிலையம். பெஞ்சு நிறைய உறவுக்காரர்கள். "தலைவலி சித்தி," என்கிறாள் பதினேழு வயது டார்லீன், தரையைப் பார்த்தபடி. காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போன செவிலி நெரிடாவுக்கு, அக்காள் மகளின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தலைவலி இல்லை என்று புரிகிறது. "வண்டியில பெட்டி கிடக்கு, ஒரு கை பிடி வா," என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி வெளியே கூட்டிப்போகிறாள். செம்மண் அப்பிய வண்டியின் கதவைச் சாத்திய பிறகுதான் பெண் வாய் திறக்கிறாள். "ஒண்ணுக்குப் போனா எரியுது. வெக்கமா இருக்கு." "இதுல என்ன வெக்கம்? சோதிச்சு மாத்திரை போட்டா சரியாயிடும். உன்கூடப் பழகுற பையனையும் வரச்சொல்லு, அவனுக்கும் சோதிக்கணும்." "அம்மாகிட்ட சொல்லிடுவியா?" "மாட்டேன்டி." அந்நேரம் அக்காவே எதிரே வெயிலில் நடந்து வருகிறாள். டார்லீன் இருக்கையில் குறுகுகிறாள். நெரிடா அலுப்பில் கனக்கும் கையை உயர்த்தி, ஒன்றுமே நடக்காததுபோல் அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.