பாதி மெட்டு

காரைக்குடிக் கல்யாண வீடுகளில் சேதுபதி கிட்டார் வாசித்தால், ஒரு தட்டு மூன்று தட்டாகத் திரும்பி வரும். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் எக்கோ இருந்தது. பக்கத்தில் இரண்டாம் கிட்டார் வாசித்த சின்னச்சாமிக்கு அது இல்லை. பகலெல்லாம் வெள்ளையடித்து வெடித்த விரல்களால் அவன் வாசித்ததை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. எக்கோ இருந்தால் கழுதையும்தான் பாடும் என்று வயிறு எரிவான்.

எழுபத்து நாலு ஆவணியில் ஒரு கல்யாணம். சேதுபதி பந்திக்குப் போனதும், சின்னச்சாமி தன் கிட்டாரை அந்த ஆம்ப்ளிஃபயரில் சொருகி, எக்கோக் குமிழைப் பாதிக்குத் திருகி வைத்தான். யாருக்கும் வாசித்துக் காட்டாத தன் சொந்த மெட்டை வாசித்தான். அதில் பாதிதான் அவனுக்குப் பிடிபட்டிருந்தது. முடிவு வருஷக்கணக்காய் வரவில்லை.

மெட்டு திரும்பி வந்தது. அவன் நிறுத்திய இடத்தில் அது நிற்கவில்லை. மீதியையும் வாசித்து, அழகாக முடித்தது.

எக்கோவை அடியோடு அணைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தான். அப்போதும் முழுசாகவே வந்தது.

மேடைக்கு எதிரே, பந்தியில் ஓர் ஆச்சி பேசியது கேட்டது.

"சேதுபதி கையே கை. சோத்தை விட்டுட்டு வாசிக்கிறாக பாரு."

ஆச்சிக்கு முதுகுப்பக்கத்து இலையில் சேதுபதி மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவி, துண்டில் துடைத்தபடி மேடைக்கு வந்தார்.

"முடிவு சரியா வந்துச்சா தம்பி?"

"நல்லா வந்துச்சுண்ணே," என்றான் சின்னச்சாமி. ஒயரை உருவிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.