திருத்த அனுமதி

நீங்கள் எழுதியதை முகம் தெரியாத ஒருவர் உங்கள் கண்முன்னே அழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் அருமைநாயகம், ஆறு வருடமாகச் செல்போனில் கூகுள் டாக்ஸில் எழுதிய திரைக்கதையின் லிங்க்கைக் கதாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 'படிக்க மட்டும்' என்பதற்குப் பதில் 'திருத்தலாம்' என்று அழுத்திவிட்டான். சாயங்காலம் திறந்தால், மகன் ஊர் வருவதற்குள் அப்பா செத்துப்போகும் கடைசிக் காட்சியை யாருடைய கர்சரோ எழுத்தெழுத்தாகத் தின்றுகொண்டிருந்தது. அவன் திரும்ப அடித்தான். அது திரும்ப அழித்தது.

"யாருய்யா நீ? நான் போறதுக்குள்ள எங்கப்பா அப்படித்தான்யா செத்தாரு," என்று அதன் கீழேயே அடித்தான்.

"தெரியுதுண்ணே. படத்துலயாவது நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டுமே."

ஒரு தட்டு தட்டினால் ஆளை வெளியே தள்ளிவிடலாம். விரல் அந்தரத்திலேயே நின்றது.

மறுநாள் காலை, கடைசிக் காட்சியில் அப்பா குடையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்.