பின்சீட்டு ஹெல்மெட்

ஆபீஸிலிருந்து வந்த செண்பகம் அன்று ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோனாள். அதற்குள் இருந்து கேட்டால், வீட்டுக் குரல்களெல்லாம் அடுத்த தெருவில் ஒலிப்பதுபோல் இருந்தன. அப்படியே அடுப்பைப் பற்றவைத்தாள்.

“வீட்டுக்குள்ள எதுக்கு அது? கழட்டு” என்றான் கணவன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தோசை வார்த்தாள். மூச்சு ஆவியாகிக் கண்ணாடியை மறைத்தது. உள்ளே அவள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கும் மாமியார் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை கதவைத் திறந்தது மாமியார்தான். தலையில் பின்சீட்டு ஹெல்மெட். கொண்டை அடங்காமல் பின்னால் பிதுங்கியிருந்தது.

“பெல்ட்டக் கொஞ்சம் இறுக்கி விடும்மா” என்றாள். “இன்னும் கேக்குது.”