திருகினால் குளிரும்

இந்த இரண்டு பேரால் மேனேஜருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"ஏசியைக் கூட்டச் சொல்லுங்க சார், வேகுது!" கேஷியருக்கு மாதவிடாய் நிற்கும் வயது. திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டும்.

"குறைக்கச் சொல்லுங்க சார், விரலே மடங்கலை!" டைப்பிஸ்டுக்குத் தைராய்டு குறைவு. எந்நேரமும் குளிர்.

கட்டடம் முழுக்க ஒரே ஏசி. யாருக்கென்று கூட்டுவது, யாருக்கென்று குறைப்பது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இருவர் மேஜைக்குப் பக்கத்திலும் குமிழ் வைத்த பெட்டி ஒன்றை மாட்டச் சொன்னார். ஒயர் கிடையாது. வெறும் பெட்டி.

மறுநாள் கேஷியர் திருகினார். "அப்பாடா, இப்பத்தான் உயிரே வந்துச்சு!" டைப்பிஸ்டும் திருகினார், சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் வியர்த்துவிட்டது. சுவரிலிருந்த தன் பெட்டியைத் திருகி, ஜில்லென்று ஆனதும், தலைமை அலுவலகத்துப் பெரியவருக்குப் போன் போட்டார்.

"மூளைதான் சார் எல்லாம்! குளிருதுன்னு அது நம்பிட்டா உடம்பும் கேட்டுக்குது. ஒயரே இல்லாத பெட்டி சார்! எப்படி என் ஐடியா?"

"உங்க ஐடியாவா?" என்றார் பெரியவர். "போன வருஷம் ரூம்ல வேகுது வேகுதுன்னு தினமும் போன் போட்டு என் உயிரை வாங்கினீங்களே, அப்புறம் உங்களுக்கு ஒரு பெட்டி மாட்டிக் கொடுத்தோமே... ஞாபகம் இருக்கா?"

மேனேஜருக்குக் குப்பென்று வியர்த்தது. கை தானாகவே குமிழை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.