சிவப்புக் கோடு

புது டிஜிட்டல் கேமரா ஒன்றின் முகத்தில், கையால் திருகும் பழைய லென்ஸ் ஒன்றை மாட்டினார்கள். முதல் படம் தெளிவாக விழாவிட்டால் லென்ஸ் மறுபடியும் பெட்டிக்குள் போக வேண்டியதுதான் என்று மாட்டியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

லென்ஸ் மெல்லத் திரும்பியது. எதிரே இருந்த நந்தியாவட்டைப் பூ தெளிந்ததும், கேமரா தன் திரையில் பூவின் விளிம்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டது.

“என்னடா கோடு?” என்றது லென்ஸ்.

“தெளிவா இருக்கிற இடத்துக்கு அடையாளம், அண்ணாச்சி. அப்படியே நில்லுங்க, எடுத்துடறேன்.”

“யார்கிட்ட கதை விடறே? சிவப்புல கோடு போட்டா தப்புன்னு எனக்குத் தெரியாதா? வந்த அன்னிக்கே என்னைக் கிளப்பப் பார்க்கிறே.”

“சத்தியமா இல்லை, அண்ணாச்சி.”

“உன் சத்தியத்தை உன் புது லென்ஸ்கிட்ட வெச்சுக்கோ.”

லென்ஸ் இன்னும் கொஞ்சம் திரும்பியது. கோடு பூவை விட்டு இலைக்குப் போனது. லென்ஸ் விடவில்லை. ஒரு கோடுகூட இல்லாமல் போகும்வரை திரும்பிவிட்டு, “இப்போ எடு” என்றது.

படத்தில் பூவும் இல்லை, இலையும் இல்லை. வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ இருந்தது.

அன்றைக்கே லென்ஸைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். உள்ளே கிடந்த பழைய ஃபிளாஷ், “என்ன அண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்று கேட்டது.

“ஒரு தப்புகூட இல்லாம எடுத்துக் கொடுத்தேன். பொறுக்குமா அவனுக்கு?” என்றது லென்ஸ்.