வெளித் தாழ்ப்பாள்

சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் வீடுகளுக்குப் போய் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சியாளரான அவளுடைய ஆய்வு. கூடவே போகலாம், பார்க்கலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது. இன்று ஒரு வீட்டில் மாணவி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் தாயிடம் இதமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் திரை பாதி மூடியிருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. "சின்னவ எங்கக்கா? ரெண்டு வாரமா ஸ்கூலுக்கு வரலைன்னு டீச்சர் சொன்னாங்க." "தூங்குறாம்மா. லேசா காய்ச்சல்." தாய் சிரிக்கிறாள், கையிலிருக்கும் துண்டை முறுக்கி முறுக்கிப் பிரிக்கிறாள். மாணவி தலையாட்டுகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அறைக் கதவு ஆராய்ச்சியாளரின் கண்ணில் மட்டும் படுகிறது. அதற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. கதவுக்கடியில் தெரியும் வெளிச்சக் கீற்றில் ஒரு நிழல் நகர்ந்து, நின்றுவிடுகிறது. மாணவியே கவனிப்பாள், இதோ திரும்புவாள் என்று ஆராய்ச்சியாளர் காத்திருக்கிறாள். மாணவியோ பையை எடுத்துக்கொண்டு எழுகிறாள். "சரிக்கா, உடம்பு தேறினதும் அனுப்பி வைங்க." தாயின் தோள்கள் தளர்கின்றன. "அந்தக் கதவத் திறங்க." சொன்னது தன் குரல்தான் என்பது ஆராய்ச்சியாளருக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கிறது. மாணவி திரும்பிப் பார்க்கிறாள், முகம் வெளிறுகிறது, ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுக்கிறாள். கதவு திறக்கும் முன்பே உள்ளிருந்து அவசரமாக ஒரு குரல் வருகிறது. "அம்மா, நான் சத்தமே போடலம்மா."