கோட்டுக்கு அந்தப் பக்கம்

எல்லை தெரியாமல் எல்லை தாண்டியவன் உலக வரலாற்றிலேயே கிடையாது என்றார் அவர்.

படகின் முனையில், லைஃப் ஜாக்கெட்டோடு நின்று சொன்னார். சிரிக்கவில்லை.

கடலுக்கடியில் இலங்கைக்கு மின்சாரக் கேபிள் போகப்போகிறது. அதற்கு ஆழம் பார்க்க வந்த பொறியாளர்.

இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று. ராணுவம் ஆட்சேபம் இல்லை என்றது. சுற்றுச்சூழல்காரர்கள் கடற்பசுவுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். பிறகு சமாளித்துக்கொண்டார்கள்.

படகு மீனவன் செலஸ்டினுடையது.

இதற்கு முந்தைய படகு அக்கரையில் நிற்கிறது. எல்லை தாண்டியதால் பறிமுதல். அடுத்த தடவை பிடிபட்டால் படகோடு ஆளும் உள்ளே என்று சொல்லித்தான் அந்த ஊர் நீதிபதி அவனை அனுப்பிவைத்தார்.

"கோர்ட்ல எல்லாருக்கும் ஒரே வசனம். தெரியாம வந்துட்டோம் ஐயா! கையில ஜிபிஎஸ் வச்சிருக்கீங்க, வெக்கமா இல்லையாய்யா?" என்றார் பொறியாளர்.

செலஸ்டின் இன்ஜினை அணைத்தான்.

"இதுக்கு மேல வேணாம் சார். கோடு வந்துருச்சு."

"கோடு உனக்குத்தான்யா. எனக்கு ரெண்டு கவர்மெண்டு பர்மிஷன் இருக்கு. விடு, அந்தப் பக்கமும் பாக்கணும்."

செலஸ்டின் அசையவில்லை.

"நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் வேணுமா, வேணாமா?"

மீன்துறை தரும் டோக்கன் இல்லாமல் எந்தப் படகும் கரையை விட்டுக் கிளம்ப முடியாது.

செலஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டான். இன்ஜின் இருமிக் கிளம்பியது.

அந்தப் பக்கமும் பார்த்தார்கள். அருமையான ஆழம். பாறை கிடையாது, வெறும் மணல். கேபிள் சுகமாகப் படுக்கும்.

தண்ணீரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அப்போதுதான் இலங்கை ரோந்துப் படகு வந்தது. துப்பாக்கிகள் முதலில் தெரிந்தன, முகங்கள் பிறகு.

"பர்மிஷன் இருக்கு!" என்று கத்தினார் அவர். கேபிள், மின்சாரம், இரண்டு நாட்டு நட்பு எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளக்கினார்.

ஒலிபெருக்கி பொறுமையாகக் கேட்டது. பிறகு, தனக்குத் தெரிந்த தமிழில் பேசியது.

"கேபிளுக்கு பர்மிஷன். சரி. நீ கேபிளா?"

அவர் பைக்குள் பர்மிஷன் பேப்பரைத் தேடினார்.

துப்பாக்கி கொஞ்சம் உயர்ந்தது.

செலஸ்டின் பழகியவன். கையைத் தூக்கினான்.

அவருடைய கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன.

"தெரியாம வந்துட்டோம் ஐயா," என்றார்.

பிறகு, செலஸ்டினைப் பார்க்காமல், தணிந்த குரலில்:

"படகு இவரோடது."